கழிவு போக ஓரடி

பொய்க்கு எடைக்கல் கிடையாது என்பார்கள். பருத்திக்குளம் சோலையப்பன் மட்டும் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுகளுக்கு முத்திரை குத்திய ஆய்வாளர் அவர். எடைக்கல்லைக் குடைந்து ஈயத்தை எடுத்தவன், தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டியவன், படியின் அடிப்பாகத்தை உள்ளே தட்டி வைத்தவன் என்று எல்லாரையும் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் தராசுகளை விட்டுவிட்டார். எடை போடும் பழக்கம்தான் அவரை விடவில்லை. ஊரார் பேச்சை எடை போட ஆரம்பித்தார்.

அவருடைய கணக்கு எளிது. பருத்தி மூட்டையை நிறுத்தால் வருகிற எடை முழுவதும் பருத்தி அல்ல. சாக்குக்கு ஒரு கழிவு, ஈரத்துக்கு ஒரு கழிவு, தூசிக்கு ஒரு கழிவு. எல்லாம் போக மிஞ்சுவதுதான் பருத்தி. மனிதன் பேச்சும் அப்படியே. "எவ்வளவு பெரிய புளுகனா இருந்தாலும் கழிவு போகக் கொஞ்சம் மெய் மிஞ்சும். வெறும் சாக்கை நிறுத்து எவனும் விக்க முடியாது" என்பார்.

அந்த வருஷம் தை மாதத்தில் அவருக்கு அப்படி ஒரு மெய் அவசரமாகத் தேவைப்பட்டது.

பருத்திக்குளத்தில் காலை நடைக்கு இரண்டு சங்கங்கள் உண்டு. உயர்நிலைப்பள்ளி மைதானத்தில் நடப்பவர்கள் விடியல் சங்கம். சோலையப்பன் அதன் தலைவர். ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் நடப்பவர்கள் கேட்டடிச் சங்கம். தை மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு சங்கங்களுக்கும் தொடர் ஓட்டப் போட்டி நடக்கும். பக்கத்துக்கு நான்கு பேர், ஆளுக்கு மைதானத்தை இரண்டு சுற்று. ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி ஓடுவதற்கு ஒரு முழத் தண்ணீர்க் குழாய்த் துண்டு. கோப்பை, பதக்கம் எதுவும் கிடையாது. தோற்ற சங்கம் வெண்பொங்கல் சமைத்து, ஜெயித்த சங்கத்துக்கு இலை போட்டுத் தன் கையால் பரிமாற வேண்டும். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று சொல்வது சுலபம். மூன்று வருஷம் தொடர்ந்து பரிமாறியவருக்குத்தான் வலி தெரியும். கேட்டடிச் சங்கத் தலைவர் பொன்னுலிங்கம் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். ஒரு வாய் பொங்கலைப் போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துகிற முகத்தோடு கண்ணை மூடுவார். "உப்பு நூத்துக்கு நாப்பது. மிளகு பெயில்" என்பார். போன வருஷம் சோலையப்பன் நெய்க் கிண்ணத்தோடு அவர் இலைக்குக் குனிந்தபோது, "என்ன அண்ணாச்சி, அளந்து அளந்து ஊத்துதீரு? கரண்டிக்கு முத்திரை குத்தியாச்சா?" என்று கேட்டார். பந்தி முழுவதும் சிரித்தது. அன்றைக்கே சோலையப்பன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: இன்னொரு தடவை இந்தக் கிண்ணத்தைத் தூக்க நேர்ந்தால், தலைவர் விசிலைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டு மொட்டை மாடியில் நடந்துகொள்வேன்.

இந்த வருஷம் மூன்று ஓட்டக்காரர்கள் தேறிவிட்டார்கள். நான்காமவர், ஓட்டத்தை முடித்துக் கொடுக்க வேண்டியவர், மகளின் பிரசவம் என்று பெங்களூருக்கு ரயிலேறிவிட்டார். போட்டிக்கு இன்னும் மூன்றே நாள்.

வெயிலுமுத்து மைதானத்துக்குள் நுழைந்தது அந்த வியாழக்கிழமை காலையில்தான்.

நாற்பத்தொரு வயது. சீனாவில் ஷென்ஜென் நகரத்தில் மின்விளக்குகளைச் சோதித்துக் கப்பலேற்றுகிற கம்பெனியில் பதினோரு வருஷமாக வேலை. ஒரு மாத விடுப்பில் வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்தான். அக்கா கணவர் ராஜகனி தீப்பெட்டி ஆலையில் மேஸ்திரி. விடியல் சங்கத்தின் மூன்றாவது ஓட்டக்காரரும் அவர்தான். வெயிலுமுத்துவின் காலில் பச்சையும் ஆரஞ்சுமாக ஒரு ஜோடி ஷூ. மைதானத்து வாசலில் அருகம்புல் சாறு விற்கும் வள்ளிமயில்தான் அதை முதலில் பார்த்தாள்.

"கொழுந்தனாரே, ஷூவா அது? ரெண்டு இட்லியை மிதிச்சுக்கிட்டே வந்தாப்புல இருக்கு."

"இது ஓடுறதுக்கு இல்ல மதினி. நிக்கிறதுக்கு" என்றான் வெயிலுமுத்து. "இது இல்லாட்டி கால் தன்னால ஓடிரும். பதினோரு வருஷப் பழக்கம்."

சிமெண்டுப் படியில் உட்கார்ந்து சாறு குடித்துக்கொண்டிருந்த சோலையப்பன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அங்க ஓடுவீரா?"

"ஓடாதவன் அந்த ஊர்ல குடியிருக்க முடியாது அண்ணாச்சி."

"ஏன், துரத்துவானுகளா?" என்று கேட்டார் ராஜகனி.

"ஊரே ஓடுது அத்தான். நாம நின்னா நம்மளை விட்டுட்டுப் போயிரும்." வெயிலுமுத்து படியில் ஏறி உட்கார்ந்து, ஒரு டம்ளர் சாறு வாங்கிக்கொண்டான். "நான் காலையில கிளம்புறப்போ தெரு முனையில ஒரு நூடுல்ஸ் கடை. நாலு கிலோமீட்டர் ஓடிட்டுத் திரும்பி வந்தா அது செல்போன் கடை. வேர்வையைத் துடைச்சிட்டு நிமிர்ந்தா பல் ஆஸ்பத்திரி."

"பல்லைக் காட்டிட்டு வரவேண்டியதுதானே?"

"காட்டுனேனே. நாற்காலியில சாஞ்சு வாயைத் திறந்துட்டேன். டாக்டர் கையுறை மாட்டிக்கிட்டு வாறதுக்குள்ள அந்த இடம் மெட்ரோ ஸ்டேஷன் வாசல் ஆயிருச்சு. திறந்த வாயோட டிக்கெட் எடுத்துட்டு வந்தேன்."

வள்ளிமயில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நம்மூர்ல தேரடிக் குழி நாலு வருஷமா அப்படியேதான் கிடக்கு. அதுவும் ஒரு வசதிதான். குழிக்கு வடக்கே மூணாவது வீடுன்னு வழி சொல்லிரலாம்."

சோலையப்பன் மனதுக்குள் கழிவு போட ஆரம்பித்திருந்தார். பல் ஆஸ்பத்திரி சாக்கு. மெட்ரோ ஈரம். ஆனால் ஒருவன் காலையில் எழுந்து வீட்டை விட்டு வெளியே போயிருக்கிறான். நாலு கிலோமீட்டர் என்றானே, ஒன்றை வைத்துக்கொள்வோம். மைதானம் இரண்டு சுற்று எண்ணூறு மீட்டர்தான்.

"வீடு இருக்கும்லா?" என்று கேட்டார். "வீட்டையுமா மாத்திருவான்?"

"நல்லா கேட்டீரு. நான் குடியிருந்தது பதினோராவது மாடி. ஒருநாள் அடுப்புல சாம்பாரைக் கொதிக்க வச்சிட்டு, ஒரு ஓட்டம் ஓடிட்டு வந்துருவோம்னு இறங்குனேன். திரும்பி வந்து லிப்டுல பதினொண்ணை அமுக்கினா வேற யாரோ கதவைத் திறக்கான். என்னடான்னு விசாரிச்சா, இடம் பத்தலைன்னு கீழ மூணு மாடியைச் சொருகிட்டானுக. என் வீடு பதினாலுக்குப் போயிருச்சு."

"சாம்பார்?"

"கொதிச்சபடியே மேல போயிருக்கு அத்தான். பதினாலுல காத்து ஜாஸ்தி. ஆறிப் போச்சு."

அவன் இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. ஆறிப்போன சாம்பாருக்காக உண்மையாகவே வருத்தப்படுகிறவன் மாதிரி இருந்தான். நடந்துகொண்டிருந்த ஏழெட்டுப் பேர் படிப்பக்கம் ஒதுங்கினார்கள். தாம் தினமும் ஏழு சுற்று நடப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஆட்கள் அன்றைக்கு இரண்டோடு நிறுத்தினார்கள்.

"அப்படி ஊர்ல வழி எப்படிக் கண்டுபிடிப்பீரு?" என்றார் ஒருவர்.

"செல்போன்ல ஒரு பொம்பளைக் குரல் வழி சொல்லும். நான் போன முதல் வாரமே அது அழுதுருச்சு. 'இடது பக்கம் திரும்புங்கள்' என்கும். நான் திரும்புறதுக்குள்ள, 'மன்னிக்கவும், இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள்' என்கும். மறுவாரம் வேற பொம்பளைக் குரல் வந்துச்சு. முந்துன அம்மா வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்களாம்."

"ரோடு முழுக்க கேமரான்னு பேப்பர்ல படிச்சேனே" என்றார் ராஜகனி. மைத்துனனை எங்கேயாவது மடக்கிவிட வேண்டும் என்று அவருக்குக் கை ஊறியது. "அதுல நீ ஓடுறது பதிவாகியிருக்கும்லா? எங்க, ஒரு படத்தைக் காட்டு."

"அதுதான் அத்தான் எனக்கு வந்த வினையே. அங்க கடையில சாமான் வாங்கக் காசு வேண்டாம், முகத்தைக் காட்டுனாப் போதும். ஆனா கேமரா என் பக்கம் திரும்புறதுக்குள்ள நான் கடந்து போயிருவேன். ஒவ்வொரு தடவையும் முதுகுதான் விழும். அந்த ஊர் கம்ப்யூட்டர்ல என் முகம்னு என் முதுகைப் பதிஞ்சு வச்சிட்டானுக. இப்ப ஒரு பாக்கெட் பால் வாங்கணும்னாலும் கடைக்குள்ள போய்த் திரும்பித்தான் நிக்கணும்."

"முதுகைப் பாத்துப் பால் குடுப்பானா?" என்றாள் வள்ளிமயில்.

"வணக்கமும் சொல்லுவான் மதினி."

சோலையப்பன் கேமராவைக் கழித்தார். பாலை வைத்துக்கொண்டார். தினமும் பால் குடிக்கிறான். உடம்பில் தெம்பு இருக்கும்.

அடுத்து ரயில் வந்தது. கடற்கரைப் பக்கம் மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு ரயில் போகுமாம். அதன் பக்கத்திலேயே வெயிலுமுத்து ஓடிக்கொண்டிருந்தானாம். ஜன்னலோரத்தில் ஒரு பெரியவர் கையில் வெந்நீர்ப் பிளாஸ்க். அந்த ஊரில் வெயில் காலத்திலும் வெந்நீர்தான். ஓடுகிறவனைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, ஒரு மூடி வெந்நீரை ஊற்றி நீட்டினாராம்.

"நிறுத்து" என்றார் ராஜகனி. எழுந்தே நின்றுவிட்டார். "அந்த ரயில்ல ஜன்னல் திறக்காது. கண்ணாடி. மாட்டுனியா மாப்ளே?"

"நானும் அதைத்தான் அவர்கிட்ட சொன்னேன் அத்தான். 'தாத்தா, ஜன்னல் திறக்காது, அடுத்த ஸ்டேஷன்ல வாங்கிக்கிடுதேன்'னேன். அங்க போய் ரயிலுக்காக இருபது நிமிஷம் உக்காந்திருந்தேன். வந்து சேர்றதுக்குள்ள வெந்நீர் ஆறிருச்சு. அவருக்கும் வருத்தம், எனக்கும் வருத்தம்."

ராஜகனி உட்கார்ந்துவிட்டார். சோலையப்பன் ரயிலை ரயிலாகவே கழித்தார். ரயில் போனால் என்ன, ஒரு சைக்கிளையாவது முந்தியிருக்க மாட்டானா? கேட்டடிச் சங்கத்தில் கடைசியாக ஓடுகிற ஞானதுரை சைக்கிளை விட வேகம் இல்லை.

அப்போது வெயிலுமுத்து ஒரு வாய் சாறு குடித்தான். புல்லின் கசப்பா, வேறு எதுவுமா தெரியவில்லை, முகம் கொஞ்சம் மாறியது. கையை ஆட்டாமல், குரலை உயர்த்தாமல் சொன்னான்.

"இப்ப அவ்வளவா ஓடுறதில்ல அண்ணாச்சி. முட்டி போயிருச்சு. ஏழு வருஷமா காலையில எங்க வீட்டுப் பக்கத்துப் பார்க்குலதான். அங்க கிழவன் கிழவியெல்லாம் பின்னால நடப்பாங்க. முட்டிக்கு நல்லதுன்னு சொல்லிக்கிட்டு, கையைத் தட்டிக்கிட்டே, முதுகு போற பக்கமா நடப்பாங்க. நானும் அவங்களோட பின்னாலயே நடக்கேன். தினமும் ஒரு மணி நேரம்."

மொத்தப் படியும் வெடித்துச் சிரித்தது. ராஜகனிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மாடியைச் சொருகுனதைக்கூட நம்பிருவேன் மாப்ளே. ஊரே சேர்ந்து பின்னால நடக்குதுன்னா? கண்ணு என்ன பிடதியிலயா இருக்கு?"

"எம்மா, வயிறு வலிக்கு" என்றாள் வள்ளிமயில்.

சோலையப்பனும் சிரித்தார். முப்பத்திரண்டு வருஷ அனுபவத்தில் இவ்வளவு ஈரமான பருத்தியை அவர் பார்த்ததில்லை. அதற்கு முழுக் கழிவு போட்டு, மூட்டையோடு தள்ளிவிட்டார்.

வெயிலுமுத்து சுற்றிலும் பார்த்தான். மெய்யைச் சொன்னவனுக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்துவிட்டு, மறுபடி கையை வீசி ஆரம்பித்தான்.

"சரி, அதை விடுங்க. பாலத்துக்கு வருவோம். ஒருநாள் ஒரு ஆத்தங்கரையில ஓடிக்கிட்டிருக்கேன். முன்னால புதுப்பாலம். ஏறிட்டேன். பாதி தூரம் போனபிறகுதான் தெரியுது, பாலம் இன்னும் கட்டி முடியல. நான் ஓடஓட முன்னால கட்டிக்கிட்டே போறானுக. எனக்குப் பத்தடி முன்னால காங்கிரீட்டு போடுதான், நான் கால் வைக்கதுக்குள்ள காஞ்சிருது. பின்னால எஞ்சினியர் ஓடி வாறான். 'ஐயா, கொஞ்சம் மெதுவாப் போங்க, சிமெண்டு லாரி உங்க வேகத்துக்கு வர முடியல'ங்கான். நான் எங்க நிக்க? கால் நிக்காதே. அக்கரை வந்துருச்சு. பாலத்துக்கும் கரைக்கும் நடுவுல ஒரே ஒரு அடி பாக்கி. சிமெண்டு தீர்ந்துபோச்சு. கீழ பாத்தா ஆறு..."

பள்ளிக்கூட மணி அடித்தது. ஏழு மணிக்கு மைதானத்தைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அந்தப் பள்ளித் தலைமையாசிரியரின் கட்டளை. எல்லாரும் எழுந்தார்கள். சோலையப்பன் விசிலை எடுத்து ஊதினார்.

"ஞாயித்துக்கிழமை நாலாவது ஆள் வெயிலுமுத்து" என்றார்.

வெயிலுமுத்துவின் கையில் டம்ளர் அப்படியே நின்றது. "அண்ணாச்சி, நான் லீவுல வந்தவன்..."

"ரயிலுக்காக இருபது நிமிஷம் காத்திருந்தவரு நீரு. ஞானதுரைக்காக ரெண்டு நிமிஷம் காத்திருந்தாப் போதும்."

வெள்ளிக்கிழமை பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். இந்த ஊர்த் தரை அசையாமல் கிடப்பதால் தலை சுற்றுகிறது, பழக இரண்டு நாள் ஆகும் என்றான். சனிக்கிழமை மாலை சோலையப்பன் வீட்டுக்கே வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணாச்சி, நெய்க் கிண்ணத்து விஷயம் அத்தான் சொன்னாரு. உங்க மானம் போயிரக்கூடாது. அன்னைக்குச் சொன்னதுல பின்னால நடக்கதுதான் நிசம். மத்ததெல்லாம் சும்மா."

சோலையப்பன் அவனைக் கனிவோடு பார்த்தார். நிறைய உள்ளவன்தான் ஒன்றுமில்லை என்பான். வியாபாரிகளிடம் அவர் கண்ட பாடம் அது. தன்னடக்கத்துக்கும் ஒரு கழிவு போட்டார். "போய் நல்லாத் தூங்கும்" என்று அனுப்பி வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் முந்நூறு பேர். முடிவுக் கோட்டைச் சுண்ணாம்பால் போட்டிருந்தார்கள். கோட்டின் ஒரு முனையில் சோலையப்பன், மறுமுனையில் பொன்னுலிங்கம். கடைசிச் சுற்றில் வெளியே நிற்பவர்கள் யாரும் ஓட்டக்காரரைப் பார்த்துக் குரல் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் அந்தப் பக்கம் தோற்றதாகக் கணக்கு என்று ஒரு விதி உண்டு. போன வருஷக் கூச்சலில் முன்சிப் கோர்ட்டு வரை பேச்சுப் போனதால் வந்த விதி.

முதல் இரண்டு பேர் சரிசமமாக ஓடினார்கள். ராஜகனி ஓடிய ஓட்டத்தை அவர் மனைவியே நம்பவில்லை. நூறு மீட்டர் முன்னால் வந்து குழாயை மைத்துனன் கையில் திணித்தார். "ஓடு மாப்ளே. ரயில் வருது" என்றார்.

வெயிலுமுத்து ஓடினான். முதல் அரைச் சுற்றுக்கு அவன் ஷூவின் நிறம் மட்டும்தான் தெரிந்தது. சோலையப்பனுக்கு நெஞ்சு நிறைந்தது. முக்கால் சுற்றில் அவன் தோள் ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரு சுற்று முடிந்தபோது கையை முட்டியில் வைத்துக்கொண்டு நொண்டினான். நூறு மீட்டர் அறுபதாயிற்று, நாற்பதாயிற்று. மைதானத்தின் தூரத்துத் திருப்பத்தில் நின்றேவிட்டான்.

பொன்னுலிங்கம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சோலையப்பனின் கண்ணுக்கு முன்னால் நெய்க் கிண்ணம் வந்து நின்றது.

அப்போது வெயிலுமுத்து திரும்பினான். முகம் ஞானதுரையைப் பார்க்க, முதுகு முடிவுக் கோட்டைப் பார்க்க, பின்னாலேயே வர ஆரம்பித்தான். தடுமாற்றமே இல்லை. திருப்பத்தில் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பாமல், தண்டவாளத்தில் வருகிறவன் மாதிரி வளைந்து வந்தான். ஏழு வருஷம், தினமும் ஒரு மணி நேரம். தாம் மூட்டையோடு தள்ளிவிட்ட பருத்தி மைதானத்தில் நடந்து வருவதைச் சோலையப்பன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"இது செல்லுமா?" என்று பொன்னுலிங்கம் மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பக்கம் மூஞ்சியை வச்சுக்கிடணும்னு விதி இல்ல" என்றார் சோலையப்பன்.

ஆனாலும் ஓடுகிறவன் ஓடுகிறவன்தான். ஞானதுரை கேட்டடித் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவன். ஒரு சொல் அதிகம் பேசாதவன். நாற்பது மீட்டர் இருபதாயிற்று, பத்தாயிற்று. எதிரே பின்னால் போய்க்கொண்டிருக்கும் முகம் அவனைப் பார்த்துப் பேச ஆரம்பித்தது.

"வாரும், ஞானதுரை. நல்ல ஓட்டம். ஷென்ஜென்ல நான் காலையில ஓடக் கிளம்புறப்போ தெரு முனையில ஒரு நூடுல்ஸ் கடை இருக்கும்..."

பல் ஆஸ்பத்திரி வந்தபோது ஞானதுரையின் உதடு துடித்தது. திறந்த வாயோடு டிக்கெட் எடுத்த இடத்தில் சிரித்துவிட்டான். ஓடுகிறவனுக்கு மூச்சும் சிரிப்பும் ஒரே குழாய் வழியாகத்தான் வர வேண்டும். ஒன்று வந்தால் மற்றது நிற்கும். கால் பின்னியது. சாம்பார் பதினாலாவது மாடிக்குப் போனபோது விலாவைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பேருக்கும் நடுவே இரண்டு கை தூரம். அது குறையவும் இல்லை, கூடவும் இல்லை.

முடிவுக் கோட்டுக்கு முப்பது மீட்டரில் பாலம் ஆரம்பமாயிற்று. பத்தடி முன்னால் காங்கிரீட்டு. காய்ந்த சிமெண்டு. பின்னால் ஓடி வரும் எஞ்சினியர். கூட்டம் மூச்சுக் காட்டவில்லை. வியாழக்கிழமை மணி அடித்ததால் மீதிக் கதை கிடைக்காமல் போனவர்களும் அதில் இருந்தார்கள்.

"அக்கரை வந்துருச்சு" என்றான் வெயிலுமுத்து. "பாலத்துக்கும் கரைக்கும் நடுவுல ஒரே ஒரு அடி பாக்கி. சிமெண்டு தீர்ந்துபோச்சு. கீழ பாத்தா ஆறு. அப்படியே நின்னுட்டேன்."

சொன்னவன் அப்படியே நின்றுவிட்டான்.

அவன் குதிகாலுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கோடு. நடுவில் ஒரே ஓர் அடி. அவனுக்குத்தான் பிடதியில் கண் இல்லையே. ஞானதுரை இரண்டு எட்டு வைத்தால் கோட்டைத் தாண்டிவிடலாம். ஆனால் அவனும் நின்றுவிட்டான்.

சோலையப்பன் குரல் கொடுக்கக்கூடாது. விசிலைப் பல்லால் கடித்துக்கொண்டார். மறுமுனையில் பொன்னுலிங்கத்தின் கன்னம் கூப்பிட முடியாமல் ஆடியது. படியில் வள்ளிமயில் ஒரு டம்ளரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

வெயிலுமுத்து யோசித்தான். கதைக்கு முடிவு அவனிடம் இல்லை என்பது சோலையப்பனுக்கு அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மணி அடித்திருக்காவிட்டால் வியாழக்கிழமையே மாட்டியிருப்பான்.

ஞானதுரை இரைக்க இரைக்கக் கேட்டான்: "பெறகு?"

"பெறகு என்னவே" என்றான் வெயிலுமுத்து. "பின்னால ஓடி வந்தானே எஞ்சினியரு, அவனைத் திரும்பிப் பாத்து, உம்மைப் பாக்குற மாதிரிதான், ஒரு கும்பிடு போட்டேன். போட்டுக்கிட்டே ஒரு அடி பின்னால வச்சேன். இந்தா, இப்படி."

வைத்தான்.

விசில் சத்தம் தேரடி வரைக்கும் கேட்டதாக வெயிலுமுத்து பிறகு சொன்னான். மைதானத்து வேப்பமரம் வரை கேட்டிருக்கும்.

ஞானதுரை மட்டும் அசையாமல் நின்றான். "கரை வந்துருச்சா?" என்றான்.

"வந்துருச்சு" என்றார் சோலையப்பன்.

கூட்டம் உள்ளே புகுவதற்கு முன்னால் அவர் ஒரு காரியம் செய்தார். சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, புழுதியில் பதிந்த குதிகால் தடத்திலிருந்து சுண்ணாம்புக் கோடு வரை அளந்தார். சரியாக ஓர் அடி.

பொங்கல் பந்தியில் பொன்னுலிங்கம் நெய்க் கிண்ணத்தோடு குனிந்தார். சோலையப்பன் ஒரு வாய் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். "உப்பு நூத்துக்கு முப்பத்தஞ்சு. தேர்ச்சி. நெய் இன்னும் கொஞ்சம் ஊத்தும், சார்வாள்" என்றார். பிறகு பக்கத்து இலைப் பக்கம் திரும்பினார்.

"கோடு பின்னால இருக்குன்னு தெரிஞ்சா நின்னீரு?"

"தெரியாம என்ன அண்ணாச்சி" என்றான் வெயிலுமுத்து. "நான் நிக்கும்போது கோடு பன்னெண்டு அடி தள்ளியில்லா இருந்துச்சு. ஒரே எட்டு. ஞானதுரை கண்ணு அப்படியே சொருகிருச்சு."

சோலையப்பன் பன்னிரண்டில் பதினொன்றைக் கழித்தார். மிச்சம் சரியாக இருந்தது. வடையைக் கடித்தார்.

ஜெயித்த சங்கத்துச் சாறுக்காரிக்கும் ஓர் இலை உண்டு. வள்ளிமயில் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்து சட்னி ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். வெயிலுமுத்து இலையிலிருந்து தலையைத் தூக்கிப் பெருமூச்சு விட்டான்.

"என்ன மதினி பிரயோசனம்? இதைப் போய் ஷென்ஜென்ல சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

வள்ளிமயில் சட்னியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அங்கயுமா?" என்றாள்.